மூன்று விரற்கடை வெள்ளை

அத்தியாயம் 7

நான்கு மணிக்கு, அச்சுப்பிழை திருத்தும் ப்ரூஃப் சாரின் வேலை போய்விடும். அதற்கான கடிதம் அச்சாகி, மேசையின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மணி இரண்டு பத்து.

கவிழ்த்து வைத்தவர் நிர்வாகி. நூறாண்டு கண்ட ஒரு வார இதழை நிறுவியவரின் பேரன். அவருக்கு வலப்புறம் மக்கள் தொடர்பு ஆலோசகர், மடிக்கணினியோடு. எதிரில் கண்ணாடியம்மாள். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, கழுத்தில் சங்கிலி கோத்து ஒன்று, கைப்பையில் ஒன்று. இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழில் செய்தி செப்பனிட்டுவிட்டு, ஓய்வு பெற்றபின் மொட்டைக் கடிதம், திருட்டுக் கட்டுரை, பொய்ச் செய்தி இவற்றின் வேரைத் தேடிக் கொடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டவர். அவருக்கு ஒரே உதவியாளன். பெயர் எதுவானாலும் ஊருக்கு அவன் 'புள்ளி'. புள்ளிவிவரம் எடுக்கும் வேலையில் இருந்தவனை ஒரு மென்பொருள் வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அன்றுமுதல் எந்த மென்பொருளைக் கண்டாலும் அவனுக்கு நாக்கு நமைக்கும்.

"நாற்பத்தொரு கருத்து, மேடம்," என்றார் ஆலோசகர். "பத்து மாசமா நம்ம இணையதளத்துல கட்டுரைகளுக்குக் கீழ போட்டிருக்காங்க. போட்டவர் பேர் 'ஒரு வாசகர்'. முழுக்க அலசிட்டோம். அறுபத்தெட்டு சதவீதம் எதிர்மறை."

"எதை வச்சு?"

"மென்பொருள் ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண் போடும்."

"ஒண்ணு படிங்க, கேப்போம்."

ஆலோசகர் படித்தார். "'தனியாகச் சாப்பிடுகிறவர் தட்டைக் கழுவும்போது குழாய்ச் சத்தம்தான் பேச்சுத்துணை.' இதுல 'தனியாக' எதிர்மறை."

"'கழுவும்போது' சுத்தம் சார்," என்றான் புள்ளி. "அதுக்கு அரை மார்க் கூட்டியிருக்கலாம்."

கண்ணாடியம்மாள் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக் குழாயும் அப்படித்தான் பேசும். இரவு எட்டேகாலுக்கு ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு கரண்டி. இந்த வரியை எழுதியவனுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கிறது.

"கடைசிக் கருத்து?"

நிர்வாகியே மனப்பாடமாகச் சொன்னார். முகம் சிவந்திருந்தது. "'நூறு ஆண்டுக்கு முன் நிறுவனர் பெயரில் வெளியான முதல் தலையங்கத்தை எழுதியவர் அவர் மனைவி. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பத்தொன்பது.' எங்க தாத்தா பேர்லயே கை வச்சுட்டான். வெள்ளிக்கிழமை நூறாண்டு மலர் வருது. அந்தத் தலையங்கத்தை முதல் பக்கத்துல திரும்பப் போடறோம். எங்க குடும்பம் நூறு வருஷத்துல ஒரு 'திருத்தம், வருந்துகிறோம்' போட்டதில்ல, தெரியுமா?"

"அதுக்கு ப்ரூஃப் சார் என்ன பண்ணினார்?"

"எல்லாக் கருத்தும் இந்தக் கட்டடத்து வைஃபைலேருந்துதான் போயிருக்கு," என்றார் ஆலோசகர். "முப்பத்தாறு பேர் இருக்கோம். அதுல அந்தக் கருத்துகளுக்கு லைக் போட்டது ஒரே ஒருத்தர். நாற்பத்தொண்ணுல முப்பத்தெட்டு. தானே எழுதி, தானே கை தட்டிக்கறார்."

"மீதி மூணு?"

"மறந்திருப்பார்."

"பெத்தவரே பேர் வைக்க மறந்த மாதிரி," என்றான் புள்ளி.

நிர்வாகி கடிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "கேட்டா வாயே திறக்கலை. திறக்காதவர் போகட்டும். நாலு மணிக்குக் கையெழுத்து. அதுக்குள்ள வேற யாராவது கிடைச்சா சொல்லுங்க, மேடம்."

மூன்றாம் தளத்தில் ஒரு காலத்தில் நாற்பது மேசைகள் இருந்தன. இப்போது ஒன்பது. மீதி இடத்தில் மேசைக் கால்கள் அழுத்திய தடம் மட்டும் தரைவிரிப்பில் வட்ட வட்டமாகக் கிடந்தது. மூலையில் ஓர் அறை, அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. ப்ரூஃப் சார் எழுந்து நின்று அந்த நாற்காலியைக் கண்ணாடியம்மாளுக்குத் தள்ளினார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கறுப்பேறிய மூக்குக்கண்ணாடி.

"ரெண்டாவது நாற்காலி இல்லையா சார்?" என்று கேட்டான் புள்ளி.

"எதுக்கு? யார் வரப்போறா?"

கண்ணாடியம்மாள் உட்காரவில்லை. "எழுதினது நீங்களா?"

"இல்லம்மா."

"யார்னு தெரியுமா?"

ப்ரூஃப் சார் மேசைமேல் இருந்த பென்சிலை நேராக்கி வைத்தார்.

"லைக் ஏன் போட்டீங்க?"

"வாரம் ஒரு தடவை ஒருத்தர் ஒரு வார்த்தை பேசறார். ஒரு ஆளும் திரும்பிப் பார்க்கலன்னா நல்லாவா இருக்கும்? நான் பார்த்தேன்னு சொன்னேன். அதுக்குமேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

"சார், நாலு மணிக்கு உங்க வேலை போகுது."

"தெரியும். மேசை டிராயரைக் காலி பண்ணிட்டேன்."

அவரைக் கிளறிப் பயனில்லை என்று கண்ணாடியம்மாளுக்குத் தெரிந்தது. வாயடைத்தவனைவிட வாயைப் பூட்டிக்கொண்டவன் அழுத்தக்காரன். மனிதரை விட்டுவிட்டுத் தாளுக்குத் திரும்பினார். பத்து மாத இதழ்களைக் கேட்டு வாங்கி, தரையிலேயே உட்கார்ந்து பரப்பினார். புள்ளி எதிரில் மடிக்கணினியோடு சம்மணம் போட்டான்.

"அக்கா, நான் எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். அரசியல் கட்டுரைக்கும் போட்டிருக்கார், தோட்டக் கட்டுரைக்கும் போட்டிருக்கார். எழுதினவங்க பேர்ல ஒழுங்கில்ல, தலைப்புல ஒழுங்கில்ல. ஒரு கருத்து ஒன்பது சொல், இன்னொண்ணு நாற்பது. குருட்டாம்போக்குல போட்டிருக்கார்."

"நாள்?"

"அது மட்டும் ஒழுங்கு. எப்பவும் வியாழன் மத்தியானம். வியாழன் காலைல கட்டுரைங்க இணையத்துல ஏறும். இதழ் கடைக்கு வர்றது வெள்ளி."

"திரையிலயே பார்த்தா ஒழுங்கு தெரியாது. கருத்து வந்த கட்டுரையை மட்டும் தாள்ல எடு."

எடுத்தான். ஒன்று, இரண்டு, ஏழு, பத்து. கண்ணாடியம்மாள் கழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கட்டுரையைப் பார்க்கவில்லை. கட்டுரை முடிகிற இடத்துக்குக் கீழே பார்த்தார்.

"புள்ளி, இது என்ன?"

"பூ, அக்கா. அலங்காரம்."

"இதுல?"

"இதுலயும் பூ. கொஞ்சம் பெருசு."

"கருத்து வராத கட்டுரை ஒண்ணு எடு."

புள்ளி புரட்டினான். பத்தி கடைசி வரிவரை நிறைந்திருந்தது. பூ இல்லை. அடுத்ததிலும் இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கட்டுரை அளவுக்குக் குறைஞ்சா பத்தியோட அடியில வெள்ளை விழும்," என்றார் கண்ணாடியம்மாள். "எங்க காலத்துல அதைச் சும்மா விடமாட்டோம். மூணு வரி, நாலு வரியில ஒரு துணுக்கு எழுதி அடைப்போம். இப்ப கணினி ஒரு பூவை வச்சு மூடிடுது. பூவை அளந்து, கருத்தோட சொல்லை எண்ணு."

எண்ணினான். சின்னப் பூவுக்கு ஒன்பது சொல். இரண்டு விரற்கடைப் பூவுக்கு இருபது. நாலு விரற்கடைப் பூவுக்கு நாற்பது.

"அடேயப்பா," என்றான் மெதுவாக. "இணையத்துல இடம் கொட்டிக் கிடக்கு. இந்த மனுஷன் அச்சுத்தாள்ல இருக்கற ஓட்டையை அடைச்சுட்டு இருக்கார்."

"இணையத்துல ஓட்டை தெரியாது. அதனாலதான் உன் மென்பொருளுக்கும் தெரியல."

"என் மென்பொருள் இல்ல அக்கா, என் எதிரி." அவன் நாற்பதாவது இதழையும் தள்ளிவிட்டு, அந்த வாரத் தாளை எடுத்தான். தலையங்கம் பற்றிய கருத்து வந்த கட்டுரை. நூறாண்டு விழா அறிவிப்பு. "இதுல பூ இல்லையே. அடி வரைக்கும் நிறைஞ்சிருக்கு."

கண்ணாடியம்மாள் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். நாற்பது தடவை அளந்து எழுதிய கை, நாற்பத்தொன்றாவது தடவை அளக்காமல் எழுதியிருக்கிறது.

"ப்ரூஃப் சார்," என்றார் திரும்பாமலே. "இதழ் வெள்ளிக்கிழமைதான் கடைக்கு வருது. வியாழனே இந்த வெள்ளை எங்க விழுந்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

"எல்லாம் திரையிலதான் பார்க்கறாங்க. பூவோட சேர்த்துதான் பார்ப்பாங்க."

"பூ வைக்கறதுக்கு முன்னால?"

"புதன் சாயங்காலம் தாள்ல ரெண்டு படி எடுப்போம். ஒண்ணு எனக்கு." அங்கே நிறுத்தினார்.

"இன்னொண்ணு?"

"மாடிக்கு," என்றார் ப்ரூஃப் சார், தரையைப் பார்த்து. "முதலாளி பார்க்காத பக்கம் அச்சேறக் கூடாதுன்னு நிறுவனர் போட்ட விதி. ஆனா பெரியவர் படிக்கறதில்லம்மா. ஒரு கோடு இல்லாம அப்படியே திரும்பி வரும்."

பெரியவர் என்றால் நிறுவனரின் மூத்த மகன். எண்பத்தொரு வயது. நிர்வாகிக்குப் பெரியப்பா. கட்டடத்தில் எல்லோரும் அவருக்கு வணக்கம் வைப்பார்கள். ஒருவரும் அவர் அறையில் உட்கார்ந்ததில்லை.

புள்ளி மடிக்கணினியைத் தட்டினான். "அக்கா, லைக் விழாத மூணு கருத்தும் அடுத்தடுத்த வாரம். ஆறு மாசத்துக்கு முன்னால."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க சார்?"

"கண் அறுவை. மூணு வாரம் கட்டுப் போட்டு வீட்ல இருந்தேன்."

"கண்ணைக் கட்டிட்டு வீட்ல இருந்தவர், ஆபீஸ் வைஃபைல எப்படி எழுதுவார்?" என்றான் புள்ளி. "இதை நிர்வாகிகிட்டச் சொல்லியிருந்தா நீங்க அப்பவே தப்பிச்சிருக்கலாமே."

"சொன்னா அடுத்த கேள்வி வரும் தம்பி."

அடுத்த கேள்வி என்னவென்று மூவருக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடியம்மாள் எழுந்து, அலமாரியின் அடித்தட்டில் கயிறு கட்டி வைத்திருந்த ஒரு கட்டைப் பார்த்தார். மாடியிலிருந்து திரும்பி வந்த தாள்கள். ப்ரூஃப் சார் ஒன்றைக்கூட எறியவில்லை.

"அது தூக்கிட்டுப் போறப்ப மடிஞ்சது," என்றார், கேட்காமலே.

கண்ணாடியம்மாள் ஒரு தாளை உருவிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பென்சில் கோடு இல்லை, மைப்பொட்டு இல்லை. ஆனால் அடியில் ஒரு மடிப்பு. கட்டுரை முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில், நகத்தால் தேய்த்த கூர்மையான மடிப்பு. அடுத்த தாளிலும் அப்படியே. அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கட்டிப் பழகியவர்கள் அளவுகோலைத் தேடமாட்டார்கள். தாளை மடித்து, மடிப்பின்மேல் விரலை வைத்து அளப்பார்கள். பழக்கம் கையை விட்டுப் போகாது.

மணி மூன்று இருபது.

மாடி அறை பெரியது. பெரியவரின் மேசைக்கு எதிரே ஆறு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. வாங்கிய அன்று போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை. பெரியவர் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டையில், நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"யார்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது ஐயா. ஒரே ஒரு சந்தேகம். நாற்பது தடவை இடம் பார்த்து எழுதினவர், கடைசித் தடவை இடமே இல்லாத பக்கத்துல எழுதியிருக்கார். ஏன்?"

பெரியவர் சன்னல் பக்கம் பார்த்தார். கீழே தெருவில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு உயரத்துக்குச் சத்தம் ஏறி வரவில்லை.

"அந்தப் பக்கத்தை நான் கட்டியிருந்தா," என்றார் கடைசியில், "நாலு வரி வெட்டி இடம் பண்ணியிருப்பேன்."

கண்ணாடியம்மாள் பிளாஸ்டிக் உறை நொறுநொறுக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சத்தத்துக்குப் பெரியவர் திடுக்கிட்டது தெரிந்தது.

"பத்தொன்பது வயசுல அப்பா என்னைப் பக்கம் கட்டற மேசையில நிறுத்தினார். பத்தொன்பது வருஷம். துணுக்கெல்லாம் நான்தான். பேர் போடமாட்டோம். அப்பா போனப்புறம் மாடிக்கு வந்தேன். வந்த நாளா எல்லாரும் வணக்கம் சொல்றாங்க. யாரும் பேசறதில்ல." மேசைமேல் இருந்த தொடுதிரைப் பலகையைத் தொட்டார். "எண்பதாவது பிறந்தநாளுக்குத் தம்பி மகன் கொடுத்தான். எப்படின்னு சொல்லித்தர நாளைக்கு வர்றேன்னான்."

"வந்தாரா?" என்று கேட்டான் புள்ளி.

"நானே கத்துக்கிட்டேன்."

கண்ணாடியம்மாள் கேள்வியைத் தள்ளிப்போடவில்லை. "உங்க அம்மா எழுதினாங்கங்கறது உண்மையா, ஐயா? ஏன் கேக்கறேன்னா, உங்க குடும்பம் அதைக் களங்கம்னு நினைக்குது. எழுதினது நீங்கன்னா, உங்க அப்பா பேர்ல உங்களுக்கு என்ன கோபம்?"

பெரியவரின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. "கோபமா? எங்க அப்பா பேரை நான் ஒரு நாள் கீழ விட்டதில்லம்மா. சொன்னதே அவர்தான். கடைசி வாரம், படுக்கையில. 'முதல் தலையங்கம் உங்கம்மா எழுதினது. எனக்கு அன்னிக்கு எழுத வரல. நான் போனப்புறம் ஒரு திருத்தம் போட்டுடு'ன்னார். உங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன்னார்."

கண்ணாடியம்மாள் நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்தார்.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"நாற்பத்திமூணு. நான் போடல. நம்ம பத்திரிகைல திருத்தமான்னு தோணுச்சு. அப்பாவோட கௌரவத்தை அப்பாகிட்டேருந்தே காப்பாத்தினேன்." தொடுதிரைப் பலகையை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அம்மா அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாங்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதழை முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பார்ப்பாங்க. எதைத் தேடறாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க கேக்கல. நானும் சொல்லல. இப்ப அந்தத் தலையங்கத்தை அப்பா பேர்லயே திரும்பப் போடறாங்க. பொறுக்கல. பேர் சொல்லத் துணிவில்லாம, ஒரு வாசகர்னு எழுதினேன்."

"அதுக்காகக் கீழ ஒருத்தர் வேலை போகுது ஐயா. நாலு மணிக்கு."

பெரியவரின் முகத்தில் ஈயாடவில்லை. "யாருக்கு?"

"உங்களுக்கு லைக் போட்டவருக்கு. அவர்தான் எழுதினார்னு முடிவு பண்ணிட்டாங்க. நீங்கன்னு அவருக்குத் தெரியும். சொல்லாமலே போகப்போறார்."

"லைக் போட்டவரா? அது யார்னே எனக்குத் தெரியாது." குரல் முதல்முறையாகக் கீழிறங்கியது. "ஒண்ணுன்னு ஒரு எண் விழும். வியாழக்கிழமை அதைப் பார்த்துட்டுதான் வீட்டுக்குப் போவேன். நடுவுல மூணு வாரம் விழல. செத்துப்போயிட்டாரோன்னு நினைச்சேன்."

"கண் அறுவை," என்றான் புள்ளி. இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

பெரியவர் இழுப்பறையைத் திறந்தார். நூறாண்டு மலரின் முதல் பக்கத் தாள் அதில் இருந்தது. தலையங்கத்தின் அடியில் வெள்ளை. அங்கே மடித்து, மூன்று விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

நான்கு மணிக்கு நிர்வாகி கடிதத்தோடு ப்ரூஃப் சாரின் அறைக்கு வந்தபோது, உள்ளே நுழைய இடமில்லை. வாசலை அடைத்துக்கொண்டு அவருடைய பெரியப்பா நின்றிருந்தார். மூன்றாம் தளத்தின் ஒன்பது மேசைக்காரர்களும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"பெரியப்பா, நீங்க எதுக்கு இங்க..."

"எழுதினது நான். அந்தக் கடிதத்தைக் கிழி. அப்புறம் பேசு."

நிர்வாகி கண்ணாடியம்மாளைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். கடிதம் கிழிகிற சத்தம் கேட்டது. பெரியவர் தம் கையிலிருந்த சீட்டை உயர்த்தினார். "இது மலரோட முதல் பக்கத்துல போகும். பூவை எடுக்கச் சொல்லு."

நிர்வாகி படித்தார். "திருத்தமா? நாம நூறு வருஷமா திருத்தமே போட்டதில்லையே."

"அதுக்காகத் தப்பே பண்ணலன்னு ஆயிடுமா?"

ஆலோசகர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "வெளியீட்டு நாள்ல இது கொஞ்சம் எதிர்மறையா..."

"மென்பொருளைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க சார்," என்றான் புள்ளி. "நாங்க இங்கதான் இருப்போம்."

பெரியவர் சீட்டை ப்ரூஃப் சாரிடம் நீட்டினார். நாற்பத்திமூன்று வருடத்தில் அவர் கையால் ஒருவரிடம் நேராகக் கொடுத்த முதல் தாள் அது. "பிழை இருக்கா பாருங்க."

ப்ரூஃப் சார் இரண்டு முறை படித்தார். 'நமது முதல் இதழில் நிறுவனர் பெயரில் வெளியான தலையங்கத்தை எழுதியவர் அவர் மனைவி. நிறுவனர் விரும்பியபடி இத்திருத்தம் வெளியாகிறது. தாமதத்துக்கு அவர்களின் மூத்த மகன் பொறுப்பு.' சிவப்புப் பென்சிலை எடுத்தார். 'மனைவி' என்ற சொல்லுக்குப் பின்னால், விட்டுப்போனதைக் காட்டும் சின்னக் கூரைக் குறியைப் போட்டு, சீட்டைத் திருப்பி வைத்தார்.

"அம்மா பேர் விட்டுப்போச்சு ஐயா."

பெரியவர் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நூறாண்டு வரலாற்றில், வாழ்த்துமலரில், குடும்பப் படங்களின் அடியில், எங்கேயும் அந்தப் பெயர் இருந்ததில்லை. நிறுவனரின் மனைவி, அவ்வளவுதான். அவர் பென்சிலை வாங்கி, குறிக்கு மேலே அம்மாவின் பெயரை எழுதினார்.

"இப்ப ஒரு சொல் கூடிடுச்சே," என்றார். "இடம் பத்துமா?"

"பார்க்கணும் ஐயா," என்றார் ப்ரூஃப் சார். "தாளை இப்படி வைங்க."

இரண்டு தலைகளும் மேசைமேல் குனிந்தன. உட்கார ஒரே நாற்காலி. அதை இருவரும் ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியம்மாள் புள்ளியைத் தேடினார். அவன் அங்கே இல்லை.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் நொறுநொறுவென்று சத்தம் கேட்டது. மாடி அறையின் ஆறில் ஒன்றைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையோடு, புள்ளி இறங்கி வந்துகொண்டிருந்தான்.